புது டெக்னோ, பாஸ் டிராக்குகள்: தேடி வாங்கி டான்ஸ் ஃப்ளோருக்குத் தயார் செய்வது எப்படி

ஒரு வாரத்தில் வெளியாகும் டெக்னோ, பாஸ் டிராக்குகள் எல்லாவற்றையும் கேட்டு முடிக்க ஒரு ஆளால் ஆகாது, தேவையும் இல்லை. டிஜே ஒருவர் இரண்டு மணி நேரம் இடைவிடாமல் போடும் செட்டுக்கு 25 முதல் 30 டிராக் போதும். அதில் ஆறேழு புதுசு இருந்தாலே நிறைவு. அந்த ஆறேழைப் பிடிப்பது, வாங்குவது, பெரிய ஸ்பீக்கரில் ஏற்றுமுன் சோதிப்பது ஆகியவற்றை இங்கே பார்க்கலாம். எடுத்துக்கொண்டது லண்டன், பிரிஸ்டல், பெர்லின், மியூனிக் வட்டாரத்தின் 125–140 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தாள அடி) பாணி. ஒவ்வொரு அடியிலும் நேராக விழும் கிக்கும் (கனத்த டிரம் அடி), டப்ஸ்டெப், யுகே கராஜ் ஆகிய நடன இசை வகைகளின் வழி வந்த உடைந்த தாளமும் ஒரே செட்டில் கலக்கும் இசை இது. இதில் பாதி விஷயம் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே, 'சப்' என்கிற மிகத் தாழ்ந்த பாஸில்தான் நடக்கிறது. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுத்தால் டிராக்கின் பாதியைக் கேட்காமலே காசு கொடுக்கிறீர்கள்.

தேடல்: வகையை விட்டு லேபிளைப் பிடியுங்கள்

டிஜேக்களுக்கான இணையக் கடையான பீட்போர்ட்டில் இந்த இசை 'பாஸ் / கிளப்', 'பிரேக்ஸ் / பிரேக்பீட் / யுகே பாஸ்', '140 / டீப் டப்ஸ்டெப் / கிரைம்', 'டெக்னோ – ரா / டீப் / ஹிப்னாடிக்' என்று நாலைந்து பிரிவுகளில் சிதறிக் கிடக்கும். ஒரே இபியின் (சில டிராக் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) மூன்று டிராக் மூன்று பிரிவில் போய் உட்காருவதும் உண்டு. அங்கே டாப் 100 பார்த்து வாங்கினால் எல்லோரும் போடுவதையே நீங்களும் போடுவீர்கள். லேபிளை, அதாவது இசையை வெளியிடும் நிறுவனத்தை, பின்தொடர்வதுதான் சுருக்கு வழி.

ஹெசில் ஆடியோ 2007இல் லீட்ஸில் பென் யூஎஃப்ஓ, பாஞ்சியா, பியர்சன் சவுண்ட் மூவரும் தொடங்கியது. அவசரப்பட்டு வெளியிடாத லேபிள், ஆனால் வருவது செட்டில் நெடுநாள் தங்கும். பிரிஸ்டலில் பெவரலிஸ்டின் லிவிட்டி சவுண்ட் (2011), டைம்டான்ஸ் (2015), பின்ச் நடத்தும் டெக்டானிக் (2005) மூன்றும் சப் பாஸை மையமாக வைத்தவை. மியூனிக்கில் ஸெங்கர் சகோதரர்களின் இலியன் டேப் (2007) பிரேக்பீட்டையும் டெக்னோவையும் ஒன்றாகக் காய்ச்சும். தாளக்கருவி கனமாக வேண்டுமென்றால் லண்டனின் நெர்வஸ் ஹொரைஸன். லத்தீன் அசைவு வேண்டுமென்றால் கொலம்பியாவின் ட்ராட்ராட்ராக்ஸ். இந்த ஏழோடு நிறுத்திக்கொண்டு கலைஞர்களும் லேபிள்களும் நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் 'ஃபாலோ' அழுத்துங்கள். புது ரிலீஸ் வந்தால் மின்னஞ்சல் வரும். ஏழும் பழகிய பிறகு, அவற்றில் ரீமிக்ஸ் செய்தவர்கள் சொந்தமாக வேறு எங்கே வெளியிடுகிறார்கள் என்று பாருங்கள். அடுத்த பத்து லேபிள் தானாகவே கிடைக்கும்.

இசைத்தட்டுக் கடைகளின் 'புது வரவு' பக்கமும் நல்ல வடிகட்டி. பெர்லினில் 1989 முதல் இருக்கும் ஹார்ட் வாக்ஸ் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரே வரியில் குறிப்பு எழுதும். ஐந்தாறு சொல்தான், ஆனால் விளம்பர வாசகத்தைவிட நம்பகமானது. வானொலியில் ரின்ஸ் எஃப்எம், என்டிஎஸ் இரண்டும் போதும். நிகழ்ச்சியில் பிடித்த ஒன்று தேடினால் கிடைக்காமல் போகலாம். வெளியீட்டுக்குப் பல மாதம் முன்பே டிஜேக்கள் கையில் அது சுற்றுவதுதான் காரணம். நிகழ்ச்சியின் பெயர், தேதி, எத்தனையாவது நிமிடம் என்று குறித்து வைத்தால் பின்னால் உதவும்.

கேட்டுப் பார்க்கும்போது ஹெட்ஃபோன் கட்டாயம். முதல் நிமிடத்தில் கவனிக்க வேண்டியது மிக்ஸ் செய்ய இடம் இருக்கிறதா என்பதைத்தான். 132 பிபிஎம்மில் ஒரு பார் (நான்கு அடி) 1.82 நொடி, 32 பார் கிட்டத்தட்ட 58 நொடி. பாஸ் இல்லாத தாளம் மட்டும் அவ்வளவு நேரம் ஓடினால் சுகமாகக் கலக்கலாம். 8 பாரிலேயே முழு பாஸும் இறங்கினால் வெட்டி மாற்றத்தான் முடியும். அது குறை இல்லை, ஆனால் வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டும். பிறகு நடுப்பகுதியில் பாஸ் இறங்கும் இடத்தையும் கடைசி நிமிடத்தையும் கேளுங்கள். பேண்ட்கேம்ப்பில் இலவசமாக ஓடுவது 128 கேபிபிஎஸ் எம்பி3. ஹை-ஹேட் சலசலப்பாகக் கேட்டால் டிராக்கைப் பழிக்க வேண்டாம்.

வாங்குதல்

பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் தொடங்கிய 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' நாள்களில் அந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அறிவிக்கப்பட்ட மாதங்களின் முதல் வெள்ளி அது. அமெரிக்க பசிபிக் நேரப்படி நள்ளிரவில் தொடங்குவதால் இந்தியா, இலங்கையில் வெள்ளி பகல் 12.30க்குத் தொடங்கும், அங்கே குளிர்காலமானால் 1.30க்கு. சனி பகல் அதே நேரம் வரை ஓடும். பார்த்ததையெல்லாம் விஷ் லிஸ்டில் சேர்த்துவிட்டு அன்றைக்கு மொத்தமாக வாங்குவது நல்ல பழக்கம். இடையில் இரண்டு வாரம் ஆறப்போட்டால் பாதி டிராக் மேலுள்ள ஆசை தானே அடங்கிவிடும் என்பது கூடுதல் லாபம்.

இந்திய கார்டு மறுக்கப்பட்டால் முதலில் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபர் முதல் புது கார்டுகளில் அது மூடியே வரும்.

ஃபார்மேட் விஷயத்தில் கேள்விக்கே இடமில்லை, தரம் குறையாத ஏஐஎஃப்எஃப் எடுங்கள். ஃபிளாக் இடத்தை மிச்சப்படுத்தும், ஆனால் கிளப்களில் உள்ள டிஜே பிளேயரான சிடிஜே-2000 நெக்சஸ் அதை வாசிக்காது; நெக்சஸ் 2 முதல்தான் வாசிக்கும். சின்ன கிளப்பில் எந்த மாடல் காத்திருக்கிறது என்று போய்ச் சேரும்வரை தெரியாது. வேவ் எல்லாவற்றிலும் ஓடும் என்பார்கள், அதிலும் வில்லங்கம் உண்டு. 24 பிட் வேவ் ஃபைல்கள் சில 'எக்ஸ்டென்சிபிள்' என்ற வேறு தலைப்போடு வரும். கம்ப்யூட்டரில் ஒழுங்காகப் பாடும், சிடிஜேயில் போட்டால் 'இ-8305' என்று பிழை காட்டி நிற்கும். அதே ஃபைலை ஏஐஎஃப்எஃப்பாக மாற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. கலைஞர் பெயர், அட்டைப் படம் போன்ற விவரங்களும் வேவில் சரியாக ஒட்டாது, ஏஐஎஃப்எஃப்பில் ஒட்டும்.

ஆறு நிமிட டிராக் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 63 எம்பி. 32 ஜிபி பென் டிரைவில் ஏறக்குறைய 500 டிராக். எந்த செட்டுக்கும் இது அதிகம். 96 கிலோஹெர்ட்ஸில் விற்றால் 44.1க்கு இறக்கிவிடுங்கள், பழைய பிளேயர்கள் 48ஐத் தாண்டாது.

சோதனை: அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

வேறு இடத்திலிருந்து வந்த ஃபைல், நண்பர் அனுப்பியது, வெளியீட்டுக்கு முன் கைக்கு வரும் புரொமோ எதுவானாலும், ஒலியின் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை திறந்து பாருங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3ஐ ஏஐஎஃப்எஃப் என்று பெயர் மாற்றித் தந்திருந்தால் 16 கிலோஹெர்ட்ஸில் நேர்கோட்டில் வெட்டியதுபோல் மேலே வெறும் கறுப்பாக இருக்கும். 320 ஆனால் அந்த வெட்டு 20 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ஒரு எச்சரிக்கை: டப் டெக்னோவில் இயல்பாகவே 14, 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதிகம் இருக்காது. டேப்பில் பதிந்து மந்தமாக்கியே செய்வார்கள். அங்கே ஒலி மெல்ல மங்கி மறையும், சுவர் வைத்ததுபோல் முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் நல்ல ஃபைலைப் போலி என்று தூக்கி எறிந்தவர்கள் நிறைய.

இரண்டாவது சோதனை மோனோ, அதாவது இடமும் வலமும் ஒன்றாகச் சேர்ந்த ஒலி. பெரும்பாலான கிளப்களில் சப் ஊஃபருக்குப் போவது மோனோ சிக்னல். வீட்டில் அகலமாக, உருண்டு வருகிற பாஸ் அங்கே இடமும் வலமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் டிராக்கைத் திறந்து ஒரு பிரதி எடுத்து, அதை மட்டும் மோனோவாக்குங்கள். இரண்டிலும் 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை லோ-பாஸ் ஃபில்டரால் வெட்டிவிட்டு மாற்றி மாற்றிக் கேளுங்கள். மோனோவில் 3 டெசிபலுக்கு மேல் இறங்கினால் அந்த டிராக் பெரிய சிஸ்டத்தில் பல்லிளித்துவிடும். இசைத்தட்டாகவும் வந்த ரிலீஸில் இது குறைவு. தட்டு வெட்டும்போது ஊசி குதிக்காமல் இருக்க அடி பாஸை மோனோவாக்குவார்கள். டிஜிட்டலில் மட்டும் வருவதில்தான் கவனம் தேவை.

மூன்றாவது, பாஸ் எந்த சுரத்தில் நிற்கிறது என்று பார்ப்பது. கீ (டிராக்கின் ஆதார சுரம்) கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் இந்த வகை இசையில் அடிக்கடி சறுக்கும், ஏனென்றால் மெலடி என்று சொல்ல ஒன்றுமே இருக்காது. நேராக ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பாருங்கள். உச்சம் 41 ஹெர்ட்ஸில் இருந்தால் மேற்கத்திய சுரப்பெயரில் ஈ, 43.7 என்றால் எஃப், 46.2 என்றால் எஃப் ஷார்ப், 49 என்றால் ஜி, 55 என்றால் ஏ. டிராக்குகளை பிளேயருக்குத் தயார் செய்யும் ரெக்கார்ட்பாக்ஸ் மென்பொருளின் கமென்ட் பகுதியில் 'சப் எஃப்' என்று எழுதிவிடுங்கள். 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் நிற்கும் பாஸ் என்றால் அதையும் எழுதுங்கள். சின்ன கிளப் சிஸ்டங்கள் அதற்குக் கீழே கையை விரித்துவிடும், கிக் மட்டும்தான் கேட்கும்.

இவ்வளவு மெனக்கெடுவது ஏனென்றால், எஃப்பில் நிற்கும் சப்பும் எஃப் ஷார்ப்பில் நிற்கும் சப்பும் ஒன்றாக ஓடினால் நொடிக்கு இரண்டரை முறை ஒலி ஏறி இறங்கும். தம்பூராவில் சுருதி சேராத இரண்டு தந்திகளை மீட்டினால் வருமே ஓர் அலை, அதேதான். வித்தியாசம், இங்கே அது நெஞ்சுக்கூட்டில் அடிக்கும்.

பீட்கிரிட், க்யூ

ரெக்கார்ட்பாக்ஸ் டிராக்கின்மேல் போடும் பீட்கிரிட்டை (தாள அடிகளைக் காட்டும் கோடுகளை) அப்படியே நம்பாதீர்கள். நேர் கிக் டெக்னோவில் பெரும்பாலும் சரியாக இருக்கும், உடைந்த தாளத்தில் மூன்று வகையாகத் தவறும்.

முதலாவது, 140 பிபிஎம் டிராக்கை 70 என்று காட்டும். கிரிட் எடிட்டில் இரட்டிப்பு பட்டனை அழுத்தினால் போதும்.

இரண்டாவது, 'ஒன்று' (பாரின் முதல் அடி) தவறான இடத்தில் விழும். கர்நாடக இசையில் எடுப்பு சமத்தில் இல்லாமல் தள்ளி வருவதுபோல் இந்த டிராக்குகளில் முதல் கிக் பாரின் நடுவில் தொடங்கும். மென்பொருள் அதையே சமம் என்று எடுத்துக்கொள்ளும். தொடக்கத்தில் தேடாமல், பாஸ் இறங்கும் இடத்துக்கோ புது ஒலி நுழையும் இடத்துக்கோ போங்கள். அது பெரும்பாலும் 16 அல்லது 32 பாரின் தொடக்கமாகவே இருக்கும். அங்கே 'ஒன்று' வைத்தால் முன்னும் பின்னும் தானாகச் சரியாகும்.

மூன்றாவது பொல்லாதது. 132 என்று இருக்க வேண்டியது 131.97 என்று பதிவாகும். பார்க்க அற்பம். ஆறு நிமிடத்தில் அந்த 0.03 சேர்ந்து 0.18 பீட் ஆகும், அதாவது 82 மில்லிநொடி. கடைசியில் கலக்கும்போது இரண்டு கிக்கும் ஒன்றாக விழாமல் குதிரை ஓடுவதுபோல் கேட்கும், நீங்கள் இரண்டு டிராக்கின் தாளத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனைத் திட்டுவீர்கள். கம்ப்யூட்டரில் செய்த டிராக்குகள் பெரும்பாலும் முழு எண் பிபிஎம்தான். 132.00 என்று கையால் தட்டி, கடைசி நிமிடத்தில் கிரிட் கோடு கிக்கின் முனையில் நிற்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். டிரம் மெஷினில் நேரடியாக வாசித்துப் பதிந்ததென்றால் வேகம் உண்மையிலேயே மாறும். அதற்கு மட்டும் 'டைனமிக்' முறையில் அனலைஸ் செய்யுங்கள்.

ஹாட் க்யூ (அழுத்தியதும் டிராக்கில் குறித்த இடத்துக்குத் தாவும் பட்டன்) நான்கு போதும், எல்லா டிராக்கிலும் ஒரே வரிசையில்: ஏ – கலக்கத் தொடங்கும் இடம், பி – பாஸ் இறங்குவதற்கு 16 பார் முன், சி – பிரேக்டவுன் (தாளம் அடங்கும் பகுதி), டி – பாஸ் வெளியேறும் இடம். எட்டும் வண்ணமயமாக வைத்தால் அழகுதான், இருட்டில் எது என்ன என்று நினைவு வராது.

கலக்கும்போது

ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாஸ். உள்ளே வரும் டிராக்கின் லோ நாபை (பாஸ் அளவைத் திருகும் குமிழை) முழுதாக இறக்கி வைத்துத் தொடங்குங்கள். டிஜேஎம்-900 நெக்சஸ் 2 போன்ற மிக்ஸரில் ஈக்யூ முறையில் அது −26 டெசிபல்தான், கொஞ்சம் கசியும். ஐசோலேட்டர் முறைக்கு மாற்றினால் சுத்தமாக அடங்கும். 16 அல்லது 32 பார் முடியும் புள்ளியில் ஒன்றை இறக்கி மற்றொன்றை ஏற்றுங்கள். மெதுவாகத் திருகி இரண்டையும் பாதிப் பாதி வைப்பது நயமாகத் தோன்றும். சப்பில் அது வெறும் சேறு.

நேர் கிக்கோடு டப்ஸ்டெப் வகையைச் சேர்க்கும்போது ஸ்னேரைக் கவனியுங்கள். டெக்னோவில் கைதட்டல் இரண்டாம், நான்காம் பீட்டில் வரும், டப்ஸ்டெப்பின் ஹாஃப்-டைம் (பாதி வேக) தாளத்தில் ஸ்னேர் மூன்றாம் பீட்டில். இரண்டும் முழு ஒலியில் ஓடினால் ஆடுபவர்களுக்குக் கால் எங்கே வைப்பதென்று குழம்பும். ஒன்றின் மிட்டை (நடு ஒலியை) இறக்கி, எது வழிநடத்துகிறது என்று தீர்மானியுங்கள்.

வேகம் மாற்றும்போது 'மாஸ்டர் டெம்போ' பட்டன் பலர் யோசிக்காமல் ஏற்றி வைப்பது. 140ஐ 132க்கு இறக்கினால் 5.7 சதவீதம் குறைவு. பட்டன் இல்லாவிட்டால் சுரம் கிட்டத்தட்ட அரைச் சுரம் இறங்கும், எஃப் சப் ஈ ஆகும். பட்டன் இருந்தால் சுரம் நிற்கும், ஆனால் கிக்கின் முனை மழுங்கும், பாஸ் குழைந்துவிடும். பாடும் குரல் இல்லாத டிராக்கில் அதை அணைத்துவிடுவதே மேல். சப் சுரத்தைக் குறித்து வைத்தது இங்கேதான் கைகொடுக்கும்: அந்த எஃப் டிராக் இப்போது ஈ டிராக்கோடு சேரும்.

170 பிபிஎம்மில் ஓடும் ஜங்கிள் என்ற வகைக்குப் போக வேண்டுமா? வேகத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டாம். 127.5இல் ஓடும் டெக்னோ 170க்கு முக்கால். 4க்கு 3, மிருதங்கத்தில் சதுஸ்ரத்தையும் திஸ்ரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் அதே கணக்கு. மும்மூன்றாக நடக்கும் தாளமுள்ள டிராக் ஒன்றைப் பாலமாக வைத்து அதன் துடிப்பிலேயே ஜங்கிளை நுழைக்கலாம். 105க்கும் 140க்கும் இதே உறவு. சிங்க் பட்டனுக்கு இது புரியாது, அணைத்துவிட்டுக் கையால் செய்யுங்கள்.

ஒலி அளவில் அடிக்கடி நடக்கும் தவறு, பழசும் புதுசும் கலக்கும்போது. இன்றைய கிளப் டிராக் −8 எல்யூஎஃப்எஸ் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) பக்கம் மாஸ்டர் செய்யப்படுவது சாதாரணம். 2006 காலத்து டப்ஸ்டெப் தட்டிலிருந்து வந்தது அதைவிட 5, 6 டெசிபல் தணிந்திருக்கும். ஃபேடரை ஏற்றிச் சமாளிக்காமல் டிரிம் நாபில் சரிசெய்யுங்கள். சத்தமான இடத்தில் மீட்டர் பச்சையைத் தாண்டி ஆரஞ்சைத் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால் ஹாலின் லிமிட்டர் அழுத்தத் தொடங்கும், சத்தம் கூடாது, கிக் மட்டும் செத்துப்போகும்.

பென் டிரைவ், இசைத்தட்டு

பென் டிரைவை ஃபேட்32 ஆகவும், பார்ட்டிஷன் முறையை எம்பிஆர் ஆகவும் ஃபார்மேட் செய்யுங்கள். மேக்கில் ஜிபிடி என்ற வேறு பார்ட்டிஷன் முறை தானாகத் தேர்வாகும், பிளேயர் அந்த டிரைவைக் கண்டுகொள்ளாது. ஃபைலை இழுத்துப் போடாமல் ரெக்கார்ட்பாக்ஸ் வழியே எக்ஸ்போர்ட் செய்தால்தான் க்யூவும் கிரிட்டும் கூடவே வரும். முறையாக இஜெக்ட் செய்யாமல் பிடுங்கினால் டேட்டாபேஸ் கெட்டு பிளேலிஸ்ட் காலியாகத் தெரியும். ஒரே உள்ளடக்கத்தில் இரண்டு டிரைவ், ஒன்று பையில், ஒன்று சட்டைப் பையில்.

தட்டு வாங்குபவர்களுக்குச் சுருக்கமாக: டான்ஸ் ஃப்ளோருக்கென்றால் நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் ஓடும் 12 அங்குலத் தட்டு. பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராக் இருந்தால் பள்ளங்கள் அகலமாக வெட்டப்பட்டு பாஸ் கனமாக வரும். ஒரு பக்கத்தில் 20 நிமிடம் திணித்த ஆல்பம் தட்டு கிளப்பில் மெலிந்துதான் ஒலிக்கும். பழைய டெக்னிக்ஸ் 1200 டர்ன்டேபிளின் பிட்ச் (வேகம் மாற்றும்) எல்லை ±8 சதவீதம், 140 தட்டை 129க்குக் கீழே இறக்க முடியாது. சப் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி ஹம் கிளம்பினால் ஈக்யூவில் தேடிப் பயனில்லை. டர்ன்டேபிளின் காலடியில் ரப்பர் திண்டோ கனமான கல் பலகையோ வையுங்கள், சவுண்ட் செக்கில் தட்டைச் சுற்றவிடாமல் ஊசியை மட்டும் வைத்து ஒலியை ஏற்றிப் பாருங்கள்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ரெக்கார்ட்பாக்ஸின் ஹிஸ்டரியைத் திறந்தால் எதை எந்த வரிசையில் போட்டீர்கள் என்று இருக்கும். நன்றாகச் சேர்ந்த ஜோடிகளை கமென்ட்டில் எழுதி வையுங்கள். மூன்று நிகழ்ச்சிக்கு எடுத்துப் போயும் கை வைக்காத புது டிராக்கை டிரைவிலிருந்து நீக்கிவிடலாம். வாங்கியது பேண்ட்கேம்ப் கணக்கிலேயே இருக்கும், வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம்.